உடல், ஆன்மா, கடல்: கிறிஸ்தவ மெய்யியலில் மறுவாழ்வைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர், தொண்டி என இந்தக் கரையில் வளர்ந்த கிறிஸ்தவர்கள் சிறு வயதிலேயே நம்பிக்கை அறிக்கையை மனப்பாடம் செய்திருப்பார்கள். "உடலின் உயிர்ப்பை நம்புகின்றேன்" என்ற வரி அதில் வருகிறது. ஞாயிறுதோறும் வாய் தானாகச் சொல்லும் வரி என்பதால் அதை நின்று யோசிப்பது குறைவு. கல்லூரியில் மூளையைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பிள்ளை "ஆன்மான்னு தனியா ஒண்ணு இருக்கா?" என்று கேட்கும்போதும், கடலுக்குப் போனவர் கரை திரும்பாமல் அடக்கம் செய்ய உடலும் கிடைக்காதபோதும்தான் அந்த வரி நம்மை உலுக்குகிறது.

கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் இந்த இரண்டு கேள்விகளோடும் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தத்துவம் படித்திராதவரும் அவர்கள் போன வழியைப் பின்தொடரலாம். எந்த வரிசையில் போனால் குழப்பம் குறையும் என்பதை இங்கே சொல்கிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆன்மாவிலிருந்து தொடங்குபவர்கள் பாதி வழியில் உடலை மறந்துவிடுகிறார்கள், உடலிலிருந்து தொடங்குங்கள். கிறிஸ்தவம் வாக்களிப்பது முழு மனிதரின் மீட்பு என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

முதல் படி: இரண்டு கேள்விகளைப் பிரியுங்கள்

ஒரு கேள்வி, நாம் எதனால் ஆனவர்கள் என்பது. வலி, நினைவு, ஆசை, முடிவெடுத்தல் எல்லாம் இந்தச் சதையின் வேலையா, வேறு ஒன்றின் வேலையா? இதுதான் மனம்–உடல் சிக்கல். இன்னொன்று, இறந்தபின் அதே ஆள் தொடர்கிறாரா என்பது.

பலர் இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டிவிடுகிறார்கள். ஆன்மா இருந்தால் மறுவாழ்வு உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று. அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுப் பாருங்கள். ஆன்மா உண்டு, மறுவாழ்வு உண்டு என்ற கட்டத்தில் பெரும்பாலான கிறிஸ்தவ மரபு வரும். ஆன்மா இல்லை, மறுவாழ்வும் இல்லை என்பது நாத்திகப் பொருள்வாதம். ஆன்மா உண்டு, ஆனால் அது உடலோடு அழியும் என்று சொன்னவர்களும் பழைய கிரேக்கத்தில் இருந்தார்கள். நான்காவது கட்டம்தான் புதியவர்களை வியக்க வைக்கும். பிரியக்கூடிய ஆன்மா என்று எதுவும் இல்லை, மனிதர் முழுக்க உடல்தான், ஆனாலும் கடவுள் அவரை எழுப்புவார் என்பது அது. பீட்டர் வான் இன்வேகன், நான்சி மர்ஃபி ஆகிய இரண்டு கிறிஸ்தவ மெய்யியலாளர்கள் இந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள்.

அப்புறம், அக்கம்பக்கத்து நம்பிக்கைகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவுக்குத் தொடக்கமே கிடையாது. அது பல பிறவிகள் எடுக்கும். கிறிஸ்தவ போதனையில் ஆன்மா கடவுளால் படைக்கப்பட்டது; அதற்கு ஒரே வாழ்வு, ஒரே உடல். கீழக்கரையில் இருக்கும் முஸ்லிம் நண்பரோடு பேசினால் இந்த விஷயத்தில் நெருக்கம் அதிகம் தெரியும். இறந்தோர் உடலோடு எழுப்பப்பட்டுத் தீர்ப்புக்கு நிற்பார்கள் என்பது அவர்களுக்கும் அடிப்படை.

இரண்டாம் படி: மெய்யியலாளர்களுக்கு முன் விவிலியம்

ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் "உடலோடு", மறுபக்கம் "உடல் இல்லாமல்" என்று எழுதிக்கொண்டு வாசியுங்கள். தொடக்கநூல் 2:7-ல் தொடங்கலாம். மண்ணால் உருவாக்கி மூச்சை ஊதியதும் மனிதன் உயிருள்ளவன் ஆகிறான். சபை உரையாளர் 12:7-ல் மண் மண்ணுக்கும் உயிர்மூச்சு கடவுளிடத்துக்கும் திரும்புகின்றன. லூக்கா 23:43-ல் சிலுவையில் தொங்கும் குற்றவாளிக்கு "இன்றே" என்று வாக்கு கொடுக்கப்படுகிறது. பிலிப்பியர் 1:23-ல் பவுல் பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருக்க ஆசைப்படுகிறார். இவற்றில் கடைசி மூன்றும் "உடல் இல்லாமல்" என்ற பக்கத்துக்கு வலு சேர்ப்பதுபோல் தெரியும்.

அதன்பின் 1 கொரிந்தியர் 15-ஐ முழுதாக, அவசரப்படாமல் வாசியுங்கள். கிறிஸ்து எழவில்லை என்றால் நம் நம்பிக்கை வீண் என்று பவுல் சொல்வதும், விதையையும் பயிரையும் காட்டி உயிர்த்த உடலை விளக்குவதும் அங்கேதான். கடைசியாக லூக்கா 24-ம் யோவான் 21-ம். உயிர்த்த இயேசு தன் கைகால்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஆவிக்கு எலும்பும் சதையும் கிடையாது என்கிறார். வேகவைத்த மீனை வாங்கி அவர்கள் முன்னால் சாப்பிடுகிறார். யோவானில் கரையில் கரியடுப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். மீன்பிடி ஊர்க்காரர்கள் இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது விளக்கவுரை அதிகம் தேவைப்படாது. மறுவாழ்வு என்றால் ஆவியாய் மிதப்பது என்று நினைத்தவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் நின்று யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி: படகும் படகோட்டியும்

மெய்யியலின் மொத்தச் சண்டையையும் ஒரே உவமையை வைத்துப் பின்தொடர முடியும். அந்த உவமை அவர்களுடையதே. ஆன்மா உடலில் இருப்பது, படகில் படகோட்டி இருப்பதைப் போலவா?

பிளேட்டோவைப் பின்பற்றியவர்கள் ஏறக்குறைய ஆம் என்பார்கள். ஆன்மாதான் உண்மையான ஆள், உடல் கொஞ்ச காலத்துக்கான இடம், மரணம் விடுதலை. படகு உடைந்தாலும் ஓட்டி கரை சேர்வார்.

அரிஸ்டாட்டில் வேறு வழியில் போனார். மெழுகும் அதில் பதிந்த முத்திரையும் ஒன்றா இரண்டா என்று கேட்பது வீண். ஆன்மாவும் உடலும் அப்படித்தான் என்றார். ஆன்மா உடலின் "உருவம்". சதையையும் எலும்பையும் உயிருள்ள ஓர் ஆளாக ஆக்கும் அமைப்பையும் ஆற்றலையும் அவர் அப்படி அழைத்தார்.

13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலை எடுத்துக் கிறிஸ்தவச் சிந்தனைக்குள் நட்டார். ஆன்மா உடலின் உருவம்; ஆனால் மனித ஆன்மா சிந்திக்கும் ஆற்றல் கொண்டது என்பதால் உடல் அழிந்தாலும் அது நிலைக்கும் என்றார். 1312-ல் பிரான்சின் வியன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் ஆன்மாவே மனித உடலின் உருவம் என்பதைத் திருச்சபையின் போதனையாகவே அறிவித்தது. அக்குவினாஸ் 1 கொரிந்தியர் 15-க்கு எழுதிய உரையில் துணிச்சலான ஓர் இடம் இருக்கிறது. என் ஆன்மா நான் அல்ல. ஆன்மா மட்டும் மீட்படைந்தால் நான் மீட்படைந்ததாக ஆகாது என்கிறார். இதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். கடைசிப் பகுதியில் இது நம்மைத் தொல்லை செய்யும்.

1641-ல் பிரெஞ்சு மெய்யியலாளர் தேக்கார்த் 'தியானங்கள்' என்ற தன் நூலை வெளியிட்டார். மனம் சிந்திக்கும் பொருள், உடல் இடத்தை அடைக்கும் பொருள், இரண்டும் வேறு வேறு என்றார். அவரும் படகை இழுத்துவருகிறார், ஆனால் மறுப்பதற்காக. படகில் ஏதாவது உடைந்தால் ஓட்டி அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வான். என் உடலில் அடிபட்டால் நான் அதைப் பார்ப்பதில்லை, எனக்கே வலிக்கிறது. ஆகவே நான் உடலோடு அதைவிட நெருக்கமாகக் கலந்திருக்கிறேன் என்கிறார். சரி, இவ்வளவு வேறான இரண்டு பொருள்கள் எப்படிக் கலக்கும்? 1643 மே மாதம் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் கடிதத்தில் கேட்டது இதைத்தான். இடத்தையே அடைக்காத ஆன்மா உடலைத் தள்ளி அசைப்பது எப்படி? தேக்கார்த் எழுதிய பதில்கள் அவரைத் திருப்திப்படுத்தவில்லை. ஆன்மாவுக்கு உடலை அசைக்கும் ஆற்றல் இருக்கிறது என்பதைவிட ஆன்மாவே ஒருவகைப் பொருள் என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்று எலிசபெத் திருப்பி எழுதினார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எல்லோரும் ஒப்பும் பதில் வரவில்லை. கிறிஸ்தவ ஆன்மக் கொள்கை என்றாலே தேக்கார்த்தின் கொள்கை என்று நினைத்துத் தாக்குபவர்களையும் தாங்குபவர்களையும் நிறையப் பார்க்கலாம். அவருக்கு நாலு நூற்றாண்டு முன்பே அக்குவினாஸ் வேறு பாதை போட்டுவிட்டார் என்பது தெரிந்தால் அந்த வாக்குவாதங்களில் பாதி தேவையில்லை.

நான்காம் படி: எந்தக் கொள்கையையும் கடலிடம் கேளுங்கள்

புத்தகத்தில் எந்தக் கொள்கை அழகாகத் தெரிந்தாலும் இந்தக் கேள்வியை அதன்முன் வையுங்கள்: கடலில் போய் உடலே கிடைக்காத ஒருவர் எப்படி எழுவார்?

இந்தக் கரையில் இது கற்பனைக் கேள்வி கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே அலை அடித்துச் சென்றது. உடல் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அதற்கு முன்னும் பின்னும் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இல்லாத மீனவ ஊர் இங்கே இல்லை.

ஆதித் திருச்சபையும் இதே கேள்வியைச் சந்தித்தது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் அத்தேனாகோரஸ் பெயரில் வழங்கும் உயிர்ப்பு பற்றிய நூல், எதிராளிகளின் வாதத்தை மறைக்காமல் எடுத்து வைக்கிறது. கப்பல் உடைந்து மூழ்கியவர்களை மீன்கள் தின்கின்றன. அந்த மீன்களை மனிதர்கள் உண்கிறார்கள். அப்படியானால் அந்தச் சதை எழும்போது யாருக்குச் சொந்தம்? 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் பலர் கொஞ்ச காலம் மீன் வாங்கவே தயங்கியதை நினைத்துப் பாருங்கள். அந்தத் தயக்கத்துக்குள் இருந்ததும் இந்தக் கேள்விதான்.

அத்தேனாகோரஸ் நூல் சொல்லும் பதில், மனிதச் சதை மனிதருக்கு இயல்பான உணவு இல்லை, ஆகவே அது செரித்து இன்னொருவர் உடலாகாது என்பது. இன்று உடலியல் தெரிந்த நாம் அதை ஏற்க முடியாது. அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' என்ற தன் பெரிய நூலின் 22-ஆம் பகுதியில் வேறு பதில் தருகிறார். அந்தச் சதை முதலில் யாரிடம் மனிதச் சதையாக ஆனதோ அவருக்கே அது திரும்பும். குறைவதைக் கடவுள் நிரப்புவார். இது நேர்மையான முயற்சி. ஆனால் ஒவ்வொரு துகளையும் கணக்குப் பார்க்கும் வேலையாக உயிர்ப்பை இது ஆக்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அக்குவினாஸ் சொன்னதுதான் எனக்குத் திடமாகத் தெரிகிறது. உயிரோடு இருக்கும்போதே நம் உடலின் பொருள் வந்துபோய்க்கொண்டே இருக்கிறது. சாப்பிடுகிறோம், கழிக்கிறோம், வளர்கிறோம், இளைக்கிறோம். ஆனாலும் பத்து வயதுப் பையனும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே ஆள். ஒரே ஆளாக இருப்பதற்கே எல்லாத் துகளும் தேவைப்படவில்லை என்றால், எழுவதற்கு மட்டும் ஏன் தேவைப்பட வேண்டும்? அதே ஆன்மா மீண்டும் உருவம் கொடுக்கும் உடல் அவருடைய உடல். மன்னார் வளைகுடாவில் கரைந்தவரும் கல்லறையில் கிடப்பவரும் இந்தப் பதிலில் சமம்.

ஆன்மாவே வேண்டாம் என்பவர்கள் இங்கே கஷ்டப்படுகிறார்கள். கடவுள் புதிதாக அதே மாதிரி ஓர் உடலைச் செய்தால் அது நானா, என் நகலா? ஒன்று செய்ய முடிந்தால் இரண்டும் செய்யலாமே, அப்போது எது நான்? இதைத் தவிர்க்க வான் இன்வேகன் 1978-ல் ஒரு வழி சொன்னார். மரண நேரத்தில் கடவுள் உண்மையான உடலை, அல்லது அதன் முக்கியமான பகுதியை, எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு வேறொன்றை வைத்துவிடலாம் என்று. உயிர்ப்பு சாத்தியமே என்று காட்டினால் போதும் என்பதுதான் அவர் நோக்கம். நடப்பது இதுதான் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் கரையில் ஒதுங்கிய உடலைக் கட்டிப் பிடித்து அழும் தாயிடம் அது உன் மகன் உடல் இல்லை என்று சொல்லும் நிலைக்கு இந்த வாதம் நம்மைக் கொண்டுபோகிறது. சாத்தியமாகவே இருக்கட்டும், என்னால் ஏற்க முடியவில்லை.

திருவெளிப்பாடு 20:13-ல், கடல் தன்னிடம் இருந்த இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கும் என்று ஒரு வரி வருகிறது. உடல் கிடைக்காத வீட்டில் வாசிப்பதற்கு இதைக் குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: இடைப்பட்ட காலம்

இறப்புக்கும் உலக முடிவின் உயிர்ப்புக்கும் நடுவில் அந்த ஆள் எங்கே? இங்கே சபைக்குச் சபை பதில் மாறும், ஆகவே உங்கள் சபை என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இறுதித் தீர்ப்புக்கு முன் புனிதர்களும் கடவுளை நேரில் காண்பதில்லை என்று திருத்தந்தை 22-ஆம் யோவான் 1331-ல் மறையுரைகளில் பேசப்போய்ப் பெரிய சர்ச்சை எழுந்தது. சாகும் முன் அவர் அதை விட்டுக்கொடுத்தார். அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-ல், தூய்மையடைந்த ஆன்மாக்கள் உயிர்ப்புக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று முடித்துவைத்தார். கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காகப் பூசை கொடுப்பதும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கூடி ஜெபிப்பதும் இந்த நம்பிக்கையோடு சேர்ந்தவை. புராட்டஸ்டண்டு பக்கத்தில் லூத்தர் சில இடங்களில் இதைத் தூக்கம் என்றே எழுதினார். கால்வின் அந்தத் தூக்கக் கருத்தை எதிர்த்து எழுதினார். ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டுகள் இன்றும் உணர்வற்ற உறக்கம் என்றுதான் போதிக்கிறார்கள்.

ஆறாம் படி: மூளையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

1848-ல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் தலையை இரும்புக் கம்பி ஒன்று துளைத்துக்கொண்டு போனது. அவர் பிழைத்தார்; ஆனால் குணம் மாறிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் "நீ யாருப்பா?" என்று கேட்கும் பாட்டி நம் தெருவிலேயே இருப்பார். மூளை கெட்டால் மனமும் கெடுகிறதே, அப்புறம் ஆன்மா எங்கே?

இங்கே ஒரே ஒரு தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். மனம் மூளையைச் சார்ந்திருக்கிறது என்பது வேறு, மனம்தான் மூளை என்பது வேறு. அறிவியல் முதலாவதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. இரண்டாவதற்குத் தனி வாதம் வேண்டும். முதலாவதை அக்குவினாஸும் அறிந்திருந்தார். உடல் உறுப்பில் காயம்பட்டுக் கற்பனையோ நினைவோ தடைபட்டால், முன்பு தெரிந்ததைக்கூட ஒருவரால் சிந்திக்க முடியாமல் போகும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். உடலோடு சேர்ந்து சிந்திப்பதுதான் மனித ஆன்மாவின் இயல்பு என்பது அவர் கருத்து. அப்படியானால் உடல் இல்லாத ஆன்மா எப்படிச் சிந்திக்கும்? கடவுள் தரும் ஒளியால், தன் இயல்புக்கு மாறான ஒரு நிலையில் என்கிறார். அந்த நிலை நிறைவானது இல்லை என்பதால்தான் உயிர்ப்பு வேண்டியிருக்கிறது.

பாட்டி விஷயத்தில் இன்னொரு பொறியும் உண்டு. ஒருவரை அதே ஆளாக வைத்திருப்பது நினைவுதான் என்று ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1694-ல் வாதிட்டார். அதை அப்படியே ஏற்றால் எல்லாவற்றையும் மறந்த பாட்டி வேறொருவர் ஆகிவிடுவார். மகன் அப்படி நினைப்பதில்லை. அவன் இன்னமும் தன் அம்மாவுக்குத்தான் சோறு ஊட்டுகிறான், அவன் செய்வது சரி.

ஏழாம் படி: துக்க வீட்டில்

படித்ததைச் சோதிக்கும் இடம் இது. "உடம்புதானே போச்சு, ஆன்மா மோட்சத்துல இருக்கு, அழாதீங்க" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் பேசுவது பிளேட்டோ. 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் விவிலிய அறிஞர் ஆஸ்கர் குல்மன் இரண்டு மரணங்களை அருகருகே வைத்துக் காட்டினார். சாக்ரடீஸ் சீடர்களோடு அமைதியாகப் பேசி முடித்து நஞ்சைக் குடிக்கிறார். இயேசு கெத்சமனியில் கலங்கி நடுங்குகிறார், சிலுவையில் கதறுகிறார். மரணம் விடுதலை என்றால் அந்தக் கதறலுக்கு இடமே இல்லை. பவுல் மரணத்தைக் கடைசிப் பகைவன் என்கிறார். லாசர் எழப்போவது தெரிந்தும் கல்லறைக்குப் போகும் முன் இயேசு அழுதார். ஆகவே அழுபவர்களை அழ விடுங்கள். போனவரின் உடலைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, கோயிலுக்குத் தூக்கிப்போகும் ஒவ்வொரு செயலும் அந்த உடலுக்கு வருங்காலம் உண்டு என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது.

தகனம் பற்றிக் கேட்பார்கள், பதில் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் தகனத்தை அனுமதித்தது. சாம்பலைக் காற்றிலோ மண்ணிலோ கடலிலோ தூவக் கூடாது, அதை வீட்டில் வைத்திருக்காமல் புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் விளக்கியது. இராமேஸ்வரத்தில் சாம்பல் கரைக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அடுத்து எங்கே போவது

இவ்வளவும் முடித்தவர்கள் ஓரியூருக்கு ஒருமுறை போய்வரலாம். 1693 பிப்ரவரி 4 அன்று மறைப்பணியாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட இடம் அது. அங்குள்ள செம்மண்ணை மக்கள் பக்தியோடு எடுத்துப்போகிறார்கள். "புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஜெபிக்கிறார்கள். மூன்றாம் படியில் எழுதி வைத்த தாளை இங்கே எடுங்கள். ஆன்மா நான் அல்ல என்றால், இப்போது விண்ணகத்தில் இருப்பது அருளானந்தரின் ஆன்மாதானே, அருளானந்தர் இல்லையே? அப்படியானால் யாரைக் கூப்பிடுகிறோம்?

அக்குவினாஸ் இந்தத் தடையைத் தானே எழுப்புகிறார். அவர் எடுத்த பெயர் பேதுரு. பேதுருவின் ஆன்மா பேதுரு இல்லை என்றால் "பேதுருவின் ஆன்மாவே, வேண்டிக்கொள்ளும்" என்றல்லவா கேட்க வேண்டும்? புனிதர்கள் இங்கே வாழ்ந்தபோதே நமக்காக வேண்டும் தகுதியைப் பெற்றார்கள் என்பதால், இங்கே எந்தப் பெயரில் அறியப்பட்டார்களோ அந்தப் பெயரிலேயே அவர்களை அழைக்கிறோம், அதோடு அப்படி அழைப்பது உயிர்ப்பில் நமக்கு உள்ள நம்பிக்கையைக் காட்டுகிறது என்று பதில் சொல்கிறார். இந்தப் பதில் போதுமா என்பதில் அக்குவினாஸ் வழியில் நிற்பவர்களே இன்று இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். இறப்பில் ஆள் இல்லாமல் போய், ஆன்மா மட்டும் எஞ்சி, உயிர்ப்பில் ஆள் திரும்புகிறார் என்கிறது ஒரு தரப்பு. ஆன்மாவை மட்டுமே தாங்கிக்கொண்டு, குறைபட்ட நிலையிலாவது ஆள் தொடர்கிறார் என்கிறது இன்னொன்று. நான் இரண்டாம் தரப்பு, ஏனென்றால் கல்லறையில் பெயர் சொல்லி ஜெபிப்பவர்கள் ஒருவரோடு பேசுகிறார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். முதல் தரப்பின் வாதமும் லேசானது இல்லை. உடலுக்கு அது கொடுக்கும் எடையை இரண்டாம் தரப்பு இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. உங்கள் பங்குச் சாமியாரிடமோ ஆயரிடமோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.